முப்பத்தொரு சதவீதம்

இந்தப் பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று திரை கேட்டது. இந்தக் கேள்வியைக் கண்டாலே சொரிமுத்துவுக்கு ஒரு சிரிப்பு வரும். அழிக்கிற ஆயுதத்தைச் செய்யவே முதலில் ஒன்றை அழிக்கவேண்டியிருக்கிறது பார்த்தீர்களா என்று கடையில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்பார், கேட்டுவிட்டு அங்கிருந்து ஒரு கதைக்குத் தாவுவார், தாவினால் இறங்க முக்கால் மணி நேரமாகும். இன்றைக்குக் கடையில் யாருமில்லை, சிரிப்பும் வரவில்லை. பென்டிரைவில் இருந்தது வீட்டுக்காரி கேட்டு ஏற்றிவைத்த அம்மன் பாட்டு நாற்பத்தேழு. சம்மதம் என்று தட்டினார். நாற்பத்தேழு அம்மனும் சத்தமில்லாமல் போய்ச்சேர, திரையின் அடியில் ஒரு பச்சைக்கோடு சுவரில் பல்லி நகருகிற மாதிரி நகர ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. இது நூறைத் தொட்டால் பென்டிரைவ் தயார். அதைச் செருகி உசுப்பினால் எந்தக் கம்ப்யூட்டரும் தன் சொந்தப் புத்தியை மறந்துவிட்டுப் பென்டிரைவின் புத்தியில் எழுந்திருக்கும். எழுந்து, தன் ஹார்ட் டிஸ்க்கைத் தானே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பூஜ்யம் பூஜ்யமாக எழுதி நிரப்பிவிடும். ஃபார்மேட் பண்ணுகிறது என்பது புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிக்கிறது, கதை உள்ளே அப்படியே இருக்கும். இதுவோ ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு எழுத்தின்மேலும் மை பூசுகிறது, ஆண்டவனே இறங்கிவந்தாலும் வாசிக்க முடியாது. இதை அவர் இந்தக் கோவில்பட்டியில் ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார். அதில் ஒருத்தி ஞாபகம் வைத்திருக்கிறாள். அதுதான் இப்போது வம்பாகிவிட்டது.

மேஜைக்கு அந்தப் பக்கம் கிருபை ஸ்டுடியோ ஞானதுரையின் கம்ப்யூட்டர் பக்கத்தகடு கழன்று உட்கார்ந்திருந்தது, சட்டையைக் கழற்றிவிட்டு டாக்டருக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி. ஞானதுரை போய் நாலு மாதமாகிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் சம்சாரம் லில்லிபுஷ்பம் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே செருப்புக்கடையிலிருந்து மேலே வரும் பதினெட்டுப் படியையும் ஏறி வந்தாள். "அண்ணாச்சி, இதைச் சர்ச் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னால உள்ள ஒரு படம் மிச்சமில்லாம அழிச்சுத் தாங்க. ஊர்ப் பொம்பளைப் பிள்ளைக முகம் பூராம் இதுலதான் கெடக்கு. யார் கையிலயும் போயிரக் கூடாது." வேண்டியதை எடுத்து வச்சாச்சா தாயி என்று இவர் கேட்டார். எடுத்தாச்சு என்றாள். "சும்மா டெலீட் பண்ணினாப் பத்தாதாமே?" யார் சொன்னா என்று கேட்டிருக்கக் கூடாது. வாய் கேட்டுவிட்டது. "நீங்கதான். பொருளடக்கத்தைக் கிழிக்கிற கதை. பதினோரு வருசம் இருக்கும்." சொல்லிவிட்டு எதிர்த்தாற்போல் இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடையைக் காட்டினாள். "மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கான், புதுக் கண்ணாடி. வாங்கிட்டு வந்துருதேன். நான் வந்த பிறகு அழிங்க அண்ணாச்சி. இந்தத் தடவை நான் கண்ணால பாக்கணும்."

இந்தத் தடவை. படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கி முடிந்தபிறகும் அந்த இரண்டு வார்த்தை மட்டும் மேலேயே தங்கிவிட்டது. இந்தத் தடவை என்றால் என்ன அர்த்தம்? ஒன்றும் அர்த்தமில்லை, புருசனோட பொருள், போகும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள், மனுசர் போகும்போது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருக்க விட்டிருக்க மாட்டார்கள், அதைச் சொல்கிறாள். அப்படித்தான். ஏழு. எட்டு. பச்சைக்கோடு இன்றைக்கு ரொம்பத்தான் சாவகாசமாகப் போகிறது. ஆடிக்காற்று ஜன்னல் கதவை ஒரு அறை அறைந்துவிட்டுப் போயிற்று. கீழேயிருந்து புது ரப்பர் வாசனை. சொரிமுத்துவுக்கு அறுபத்தொரு வயதாகிறது, இந்த வாசனையில் இருபத்தாறு வருஷம். செத்தால்கூடத் தன்மேல் ரப்பர் செருப்பு வாசனைதான் அடிக்கும், காக்கா பக்கத்தில் வராது என்று சொல்லிக்கொள்வார். அவர் சொல்லாத கதை கிடையாது. ஊரில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் வருவார்கள், மீதிப்பேர் கெட்டுப்போகாமலே வருவார்கள். ஆனால் ஒன்று, அவர் கதையால் ஒருத்தருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை. வந்ததில்லை. பதினொன்று. ஒரே ஒரு தடவை தவிர. அதிலும் அவர் யார் பேரையும் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், அவர் பேரைச் சொல்லவே இல்லை.

அன்றைக்கும் இதே ஆடிக்காற்றுதான். மேஜையில் இரண்டு டிஸ்க். ஒரே கம்பெனி, ஒரே அளவு, பெற்ற தாயே மாற்றிக் குளிப்பாட்டுகிற இரட்டைப் பிள்ளைகள். ஒன்று ஒரு நூல் மில் ஆபீசில் கழித்துக்கட்டியது, அதை அழித்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று ஞானதுரையுடையது, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆறு வருஷத்துக் கல்யாணமும் காதுகுத்தும் சடங்கும் அதில்தான் இருந்தன. பார்த்து முடித்தவர் அதைக் கழற்றாமல் சோதனை மிஷினிலேயே விட்டுவிட்டு, பக்கத்து வயரில் மில் டிஸ்க்கையும் மாட்டினார். அதனால் என்ன? அதற்குத்தான் அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாரே. டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரில் கடைசி நாலை வாய்விட்டுப் படிக்க வேண்டும், திரையில் இருக்கும் நாலையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இரண்டும் காதில் ஒன்றாக விழுந்தால்தான் பொத்தானைத் தொட வேண்டும். கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது. மில் டிஸ்க் நாலு நாலு ஏழு ஒன்று. ஞானதுரை டிஸ்க் நாலு நாலு ஒன்று ஏழு. வாய்விட்டுப் படித்திருந்தால் செவிட்டுக் காதில்கூட வித்தியாசம் விழுந்திருக்கும். ஆனால் வாய்க்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், வாய் பாம்புக் கதையில் இருந்தது.

பாம்புக் கதை அவர் கதைகளிலேயே ராஜா. ஒரு ஜின்னிங் மில் கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சூட்டுக்காக ஒரு நல்லபாம்பு குடியேறிவிட்டது. கணக்குப்பிள்ளை ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டினால் உள்ளேயிருந்து புஸ்ஸென்று சீறும். சரியாகத் தட்டினால் சத்தமே இருக்காது. உயிருக்குப் பயந்து மனுசர் மூன்றே மாதத்தில் ஒரு பிழையில்லாமல் டைப் அடிக்கப் படித்துவிட்டார். பிறகு யாரோ பார்த்துச் சொல்லிப் பாம்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள், மறுநாளிலிருந்து கணக்கில் பூராவும் பிழை. முதலாளி பொறுக்கமாட்டாமல், எங்கள் பாம்பைத் தயவுசெய்து திருப்பித் தரவும் என்று வனத்துறைக்கு ஒரு மனு எழுதச் சொன்னார், அந்த மனுவில் எட்டுப் பிழை! எட்டு என்கிற இடத்தில் விரலை உயர்த்திக் கீழே ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அப்போதுதான் சிரிப்பு வெடிக்கும். தட்டினார். வெடித்தது. மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. விரல் இறங்கின இடம் பொத்தான். திரையில் அழிப்பு ஆரம்பமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே கடையைப் பூட்டிச் சாப்பிடப் போனார். முருங்கைக்காய்ச் சாம்பார். இன்றைக்கும் முருங்கைக்காயைக் கண்டால் அவருக்கு வாயில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது, வீட்டுக்காரி வாயுக்கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இருபத்து நாலு. கைப்பிசகு. கைப்பிசகு எல்லாருக்கும் உண்டு. ஆபரேஷன் பண்ணுகிறவர்கள் வயிற்றுக்குள் கத்தரியை வைத்துத் தைத்துவிடுவதில்லையா? சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார், பார்த்தபோது, இருபத்தாறு, பார்த்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொள்வது. எழுந்தார். மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். தாகமில்லை. ஜன்னலுக்குப் போனார். எதிர்க்கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி தொங்கி ஆடிக்காற்றில் ஊரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே லில்லிபுஷ்பம் ஸ்டூலில் உட்கார்ந்து, கடைக்காரன் நீட்டின அட்டையைக் கையைத் தள்ளிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். கீழே செருப்புக்கடை வாசலில் தொங்கின ஜோடிகளை எண்ணினார். முப்பத்திரண்டு ஜோடி இருந்தது. அதற்கு முந்தின எண்ணைத் தாண்டித்தானே முப்பத்திரண்டுக்கு வந்தோம் என்று தோன்றியதும் எண்ணுகிறதை விட்டுவிட்டார். திரையில் கோடும் இந்நேரம் அந்த எண்ணைத் தாண்டியிருக்கும். திரும்பிவந்து உட்கார்ந்தார். பச்சைக்கோடு முப்பதில் நின்றுகொண்டிருந்தது. மலிவான பென்டிரைவ், மூச்சு வாங்குகிறது. அவர் முகத்தைத் திருப்பினார். திருப்பின பக்கம் மேஜையின் அடி இழுப்பறை. மறுபடி திரைக்கே திரும்பினார். முப்பத்தொன்று.

சரி. முப்பத்தொன்று. பார்த்தாயிற்று. அன்றைக்குச் சாம்பார் ஏப்பத்தோடு வந்து உட்கார்ந்தபோதும் முப்பத்தொன்றுதான். அதற்குப் பக்கத்தில் நாலு நாலு ஒன்று ஏழு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், ஒன்று ஏழுதான். கை அதுவாகவே போய் சுவிட்ச்சில் உட்கார்ந்தது. அணைத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கும், மீதி அப்படியே உள்ளே கிடக்கும். பொருளடக்கம் போனாலும் பக்கங்கள் இருக்கும். மதுரையில் கெட்டிக்காரன் எவனாவது நாலு நாள் உட்கார்ந்து தோண்டினால் மாலையும் கழுத்துமாக அத்தனை ஜோடியும் வெளியே வந்துவிடும். ஆனால் அதே கெட்டிக்காரன் முன்பக்கத்தைப் பார்ப்பானே, வரிசையாகப் பூஜ்யம், தானாகச் செத்த டிஸ்க்கில் பூஜ்யம் இருக்காது, இதை யாரோ அழித்திருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவானே. சொன்னால் சொரிமுத்து என்கிற பேர் என்ன ஆகும்? கதை கேட்க வருகிறவர்கள் எல்லாம் இந்தக் கதையை அல்லவா சொல்லிக்கொண்டு திரிவார்கள்? சுவிட்ச்சின்மேல் கை எவ்வளவு நேரம் இருந்தது? அரை நிமிஷம். ஒரு நிமிஷம்கூட இருக்கும். அப்புறம் கையை எடுத்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பிசகு பொத்தானைத் தட்டினது. கையை எடுத்தது எந்தக் கணக்கில் வரும்? மீதி அறுபத்தொன்பதும் ஓடிமுடிய இரண்டேகால் மணி நேரமாயிற்று. எழுந்து வெளியே போயிருக்கலாம், போகவில்லை, நூறு வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார். அந்த இரண்டேகால் மணியில் கடைக்கு நாலுபேர் வந்தார்கள், யாருக்கும் அவர் ஒரு கதையும் சொல்லவில்லை, என்ன அண்ணாச்சி உடம்புக்கு முடியலையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஞானதுரை வந்தார், பின்னாலேயே லில்லிபுஷ்பமும். கதை தயாராக இருந்தது. டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு சுத்தும் தம்பி, அதுக்குமேல முடி அகலம்கூட இல்லாம ஒரு ஊசி பறக்கும், ஓடிக்கிட்டிருக்கும்போது பெட்டியை ஒரு இடி இடிச்சாலும் போதும், ஊசி இறங்கித் தட்டைக் கீறிரும். சொல்லிவிட்டு நாக்கை மடக்கி டக் டக் டக்கென்று, செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கின் சத்தத்தையும் போட்டுக் காட்டினார். அவ்வளவு தத்ரூபம். யாரோ இடிச்சிருக்காங்க என்றார். யாரோ. அதோடு நிறுத்திவிட்டார், சத்தியமாக நிறுத்திவிட்டார். ஞானதுரைதான் மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். "நேத்துக் காலையில மேஜைக்கு அடியில நீதானே கூட்டின?" "விளக்குமாறு லேசாப் பட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். படவே இல்லாத விளக்குமாற்றை அந்த நிமிஷத்தில் அவளே நம்பிவிட்டாள். சொரிமுத்துவின் ஆயுசில் இவ்வளவு சீக்கிரம் எடுபட்ட கதை வேறு கிடையாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், விளக்குமாறு எல்லாம் காரணமில்லை தம்பி, வயசான டிஸ்க் என்று இன்னொரு பொய்யைச் சொல்லியாவது அவளை வெளியே இழுத்துவிட்டிருக்கலாம். பொய்க்கா பஞ்சம்? அன்றைக்கென்று வரவில்லை.

பேரைச் சொல்லவில்லை என்பதை எத்தனை தடவைதான் சொல்லிக்கொள்வது. அறுபத்து மூன்று. அறுபத்து நாலு. இப்போது பார்த்து வேகமெடுக்கிறது. ஒரு வாரத்தில் ஞானதுரை ஸ்டுடியோ உள்ரூமுக்கு ஒரு பூட்டு வாங்கினார். லில்லிபுஷ்பம் அதற்குப்பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை. இது ஊருக்கே நஷ்டம். கிருபை ஸ்டுடியோ ஆல்பம் என்றால் மணியாச்சியிலிருந்துகூட ஆள் வருவார்கள், படம் எடுத்தது ஞானதுரை என்றாலும் அதற்கு நிறம் கொடுத்தது அவள். மற்ற ஸ்டுடியோவில் கறுத்த பெண் போய் உட்கார்ந்தால் சுண்ணாம்பு அடித்து அனுப்புவான். இவள் அந்தக் கறுப்பைக் கறுப்பாகவே வைத்துக்கொண்டு எங்கேயோ ஒரு இடத்தில் லேசாக வெளிச்சத்தைத் தொட்டுவிடுவாள், பெண் வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டுப் பெண்ணை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள், இத்தனை நாளாய் இதைப் பார்க்காமலா இருந்தோம் என்கிற மாதிரி. பூட்டு வந்தபிறகு நிறத்தையும் ஞானதுரையே பார்த்தார். அப்புறம் வந்த கல்யாணப் பெண்கள் பூராவும் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்கள்தான். அவள் முன்கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம். சொரிமுத்து அந்தப் பக்கம் போனால் எதிர்ச்சாரியில்தான் நடப்பார். ஒரு தடவை ஆதார் வேலைக்குப் படம் தேவைப்பட்டுப் போயே தீர வேண்டியிருந்தது. வெட்டின படத்தைக் கவரில் போட்டுக்கொண்டே, "நம்ம ராவ் சார் சௌக்கியமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

ராவ் சார்! அந்த ஆளை எப்படி மறந்தோம். டிஸ்க்கைக் கொடுங்க, வேற எங்கயாவது காட்டிப் பாக்கேன் என்று ஞானதுரை கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக, அதைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார், யாருக்கு என்று கேட்டார்கள், ராவ் சாருக்கு என்றார். அந்த நிமிஷத்தில் பிறந்தவர் ராவ் சார். பிறந்தவர் சும்மா இருந்தாரா? டாக்டர் மாதிரி பச்சை உடுப்புப் போட்டுக் கண்ணாடி அறைக்குள் நின்று டிஸ்க்கைத் திறப்பார், தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார், மூச்சுப் படக்கூடாது என்று வேலை நேரத்தில் மூக்கில் பஞ்சு வைத்துக்கொள்வார். மூன்று வாரம் தினம் சாயங்காலம் ஞானதுரை வந்து, ராவ் சார் என்ன சொன்னாரு என்று கேட்பார், தினம் ஒன்று சொல்வார். கடைசியில் ராவ் சாரே கையை விரித்துவிட்டார், இது கர்த்தர் சித்தம் என்று சொல்லச் சொன்னார் என்றார். இந்துவான ராவ் சார் கர்த்தர் பேரைச் சொன்னதில் ஞானதுரை உருகிவிட்டார். பட்ட பாட்டுக்கு அவருக்கு ஏதாவது செய்யணும் என்று இரண்டு கிலோ கடலைமிட்டாய் வாங்கிக் கொண்டுவந்து, அனுப்பிவிடுங்க அண்ணாச்சி என்று கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பொட்டலம் அடி இழுப்பறையில் இருந்தது. எடுத்துத் தின்ன வாய் வரவில்லை, தூக்கிப்போடக் கை வரவில்லை, எறும்புதான் தின்றது. ஆறு மாதம் அந்த இழுப்பறையிலிருந்து படி வரைக்கும் ஒரு எறும்புச்சாரி போய்க்கொண்டிருந்தது. மிட்டாய்க்கு அடியில் டிஸ்க் இருந்தது. இன்னும் இருக்கிறது. நாலு நாலு ஒன்று ஏழு. வருஷத்துக்கு ஒரு தடவை, புதிதாக ஏதாவது மீட்புச் சாமான் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், எடுத்து மாட்டிப் பார்ப்பார். டிஸ்க் குதிரை மாதிரி ஓடும். உள்ளே பூஜ்யம். எங்கே தொட்டாலும் பூஜ்யம். அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு. பென்டிரைவ் தயார் என்றது திரை. எதற்குச் சொல்ல வேண்டும்? மன்னிக்கவோ அடிக்கவோ வேண்டிய மனுசர் போய்விட்டார். இவளிடம் சொல்லி என்ன, பதினோரு வருஷத்தைத் திருப்பித் தர முடியுமா? புருசன் மேல் இருக்கிற கொஞ்சநஞ்சப் பாசத்தையும் கெடுத்த மாதிரி ஆகும். இப்படி நல்ல காரணமாக நாலைந்து அடுக்கினார். அடுக்குகிற லாவகத்தைப் பார்த்து அவருக்கே பயம் வந்தது, இது கதை கட்டுகிற அதே சாமர்த்தியம் அல்லவா. வேண்டுமானால் ராவ் சார் தலையில் போட்டுவிடலாம். ராவ் சார் சாகும்போது போன் பண்ணினாரு தாயி, தப்பு என்மேலதான், அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிருங்கன்னாரு. நல்ல கதை. அவள் அழுவாள்கூட. பாரம் இறங்கிவிடும், சொரிமுத்து மேல் ஒரு தூசி படாது. ராவ் சாரைக் கொன்றுவிடலாமா? பாவம், ஒரு தப்பும் செய்யாத மனுசர். படியில் செருப்புச் சத்தம். பதினெட்டுப் படி. பென்டிரைவை ஞானதுரையின் கம்ப்யூட்டரில் செருகினார், உசுப்பினார், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. படியை எண்ணுகிறோமா சதவீதத்தை எண்ணுகிறோமா என்று ஒரு கணம் தெரியவில்லை.

புதுக் கண்ணாடியோடு வந்தாள். தங்க நிறச் சட்டம். "தூரமும் கிட்டயும் ஒண்ணாத் தெரியுது அண்ணாச்சி. உங்க கடை இவ்வளவு அழுக்கா?" என்று சிரித்துக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தாயி, அழிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

"பாம்புக் கதையா?"

"பாம்புக் கதை சொன்ன அன்னைக்கு நடந்தது." சொன்னார். இரண்டு டிஸ்க், இரட்டைப் பிள்ளை, கடைசி நாலு நம்பரை வாய்விட்டுப் படிக்காமல் விட்டது, எட்டுப் பிழை என்று விரலால் தட்டினது. எவ்வளவு அடக்கியும் குரல் பழைய ஏற்ற இறக்கத்துக்குப் போயிற்று, அவரால் நிறுத்த முடியவில்லை. முடிக்கிற நேரத்தில் லில்லிபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்து வந்த கண்ணீர்.

"கொல்லாதீங்க அண்ணாச்சி! புருசன் செத்தவளைச் சிரிக்க வைக்கணும்னு இப்படியா? அவுக இருந்து கேட்டிருந்தாச் செருப்பைக் கழத்தியிருப்பாக."

"கதை இல்ல தாயி."

"பாம்பு மட்டும் நிசமா?"

அவர் குனிந்து அடி இழுப்பறையை இழுத்தார். செத்த எறும்புகளுக்கு நடுவே கிடந்ததை எடுத்து வேட்டியில் துடைத்து அவள் கையில் கொடுத்தார். டிஸ்க்கின் முதுகில், நம்பருக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் படத்தின் ஓரத்தில் வெட்டியெடுத்த வெள்ளைத்தாள் துண்டு ஒட்டியிருந்தது. அதில் நீல மையில், கல்யாணம் – இரண்டு. அவள் எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். கழற்றிவிட்டு வாசித்தாள்.

"இது ராவ் சார்கிட்டப் போகலையா?"

"ராவ் சாருன்னு ஒருத்தர் இல்ல."

"கடலைமிட்டாய்?"

"எறும்பு தின்னுருச்சு."

அவள் டிஸ்க்கை அவரிடம் நீட்டினாள். "மாட்டுங்க." கம்ப்யூட்டரை அணைத்து, திறந்திருந்த பெட்டியில் மீதியிருந்த வயரில் மாட்டி மறுபடி உசுப்பினார். டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. டக் டக் என்று எதுவும் இல்லை, சின்னதாக ஒரே சீரான ரீங்காரம். அவள் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள்.

"நல்லாத்தானே ஓடுது."

"ஆமா."

"அப்ப விளக்குமாறு படலையா?"

"படலை."

கீழே யாரோ ஒரு செருப்பைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்தது. அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "எப்பப் பாத்தீங்க அண்ணாச்சி? ஓடிக்கிட்டிருக்கும்போதா, முடிஞ்ச பிறகா?"

தொழில் தெரிந்தவள். வேறு யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். முடிஞ்ச பிறகு என்கிற பதில் நாக்கு நுனியில் தேய்ந்து வழவழவென்று தயாராக இருந்தது. அதைச் சொன்னால் இது ஒரு கைப்பிசகு, அவள் நாலு நாள் அழுதுவிட்டு மன்னித்துக்கூட விடுவாள். சொரிமுத்து வாயைத் திறந்தார்.

"முப்பத்தொண்ணுல."

அவள் உதடு அசைந்தது. கழித்துப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அறுபத்தொன்பது என்று அவள் வெளியே சொல்லவில்லை. பிறகு, "எந்திரிங்க" என்றாள்.

எழுந்தார். அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், உயரம் போதாமல் நுனிக்கு நகர்ந்தாள், கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விரல்கள் முதலில் எழுத்துக்களின்மேல் படாமல் நின்றன. பிறகு அம்புக்குறியைத் தேடி, ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளை வரி கீழே இறங்கியது. திரையில் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றின்கீழ் ஒன்று காத்துக்கொண்டிருந்தன.

"அவுக கடைசியா வச்சிருந்த டிஸ்க்கோட முதுகுல இருக்கதைப் படிங்க. கடைசி நாலு."

அவர் பெட்டிக்குள் தலையை விட்டார். "ஒன்பது. பூஜ்யம். அஞ்சு. ரெண்டு."

அவள் ஒரு விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். பொத்தானின்மேல் இன்னொரு கை இருந்தது. அழுத்தவில்லை.

"இன்னொரு தரம்," என்றாள். "சத்தமா."